காலைப் பத்து மணி நிழல்

இது வீடியோ கேசட்டுக் காலத்தில் நடந்த கதை. நம்ப முடியாது என்கிறவர்கள் கோவில்பட்டிக்கு ஒரு நடை வந்தால் அந்த வீட்டையும் முற்றத்தையும் சுவரையும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், ஒரு காப்பி மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.

அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் தாலி கட்டுவதோடு பாதிதான் முடியும், மீதிக் கல்யாணம் வீடியோ மிக்ஸிங்கில் நடக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜாப்பூவுக்குள் நிற்பார்கள், பூ விரியும், விரிந்த பூவிலிருந்து ரெண்டு புறா பறக்கும், புறா போன வழியில் பனிமலை வரும், அந்தப் பனிமலையில் பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஒரு நடுக்கம் இல்லாமல் ரெண்டு பேரும் கைகோத்து நடப்பார்கள், மேகத்துக்குள்ளிருந்து செத்துப்போன தகப்பனார் தலையை நீட்டிப் பூப்போடுவார். அடேயப்பா, அதைப் பார்க்கத் தெருவே கூடும்! இப்போது செல்போனில் சின்னப் பிள்ளைகூட ஆளைத் தூக்கி நிலாவில் வைக்கிறது, யார் வாயைப் பிளக்கிறார்கள்? நாங்கள் பிளந்தோம், பிளந்த வாய் மூடாமல் பாயாசம் ஆறிப்போகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

அந்த வேலையில் சுற்றுவட்டாரத்திலேயே கெட்டிக்காரன் கோமதிநாயகம். ரயில் நிலையம் போகிற ரோட்டில் ஜவுளிக்கடை மாடியில் அவனுடைய புஷ்பக் வீடியோஸ் இருந்தது. வயது இருபத்தெட்டு, தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கச்சி உலகம்மாள், அவளையும் கழுகுமலையில் கட்டிக் கொடுத்தாயிற்று. கேசட்டின் முதுகில் பேர் எழுதுகிற தடிப் பேனா எப்போதும் அவன் வலது காதில் சொருகியிருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும், சாமி கும்பிடும்போதும் இருக்கும். அந்தப் பேனாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க சீனியம்மாள் வந்தாள். பஸ் கண்டக்டர் பொண்டாட்டி, தேரடித் தெரு, இடுப்பில் பத்து மாதப் பெண்குழந்தை.

"வீடியோ சார், எம் மகளுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? எனக்குக் கூடப்பொறந்தது ஒரே தம்பி, வேல்ச்சாமி. அவன் மஸ்கட்ல தண்ணி லாரி ஓட்டுதான். லீவு கேட்டா இந்தா தாரேன் அந்தா தாரேன்னு இழுத்தடிக்கான் அந்த மொதலாளி."

"ஒன்னுவிட்ட தம்பிமாரு யாரும் இல்லையாக்கா?"

"நாலு பேரு இருக்கான். ஆனா கூடப்பொறந்தவன் மடிதான சார் மடி! கல்யாணத்துல செத்தவுகளையே கொண்டாந்து நிறுத்துதீக, உயிரோட இருக்கிற எந் தம்பியக் கொண்டாந்து உக்கார வைக்க முடியாதா?"

கேட்டாளே ஒரு கேள்வி! கோமதிநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே மஸ்கட்டுக்குக் கடிதம் போட்டான். 'முதுகுக்குப் பின்னால் பூப்போடாத பச்சைத் துணி கட்டவும். பச்சை இருக்கிற இடத்தைக் கம்ப்யூட்டர் கழற்றிப் போட்டுவிடும், அங்கே உங்கள் அக்கா வீட்டு முற்றத்தை நான் வைத்துக்கொள்வேன். வெள்ளைச் சட்டை போட்டு, சம்மணம் கூட்டி உட்காரவும். மடியில் தலையணை வைத்து அதுதான் மருமகள் என்று நினைத்துக்கொள்ளவும். பத்து எண்ணியதும் தலையணைக்குக் காது குத்துகிறார்கள் என்று முகத்தைச் சுளிக்கவும். பல்லைக் காட்ட வேண்டாம்.'

ஒரு மாதத்தில் கேசட் வந்தது. வேல்ச்சாமி சொன்னபடி உட்கார்ந்திருந்தான். அறையில் கூட இருந்த மலையாளத்தார் ஒருவர் பின்னாலிருந்து மலையாளத்தில் எண்ணுகிறார், பத்து வந்ததும் வேல்ச்சாமி முகத்தைச் சுளிக்கவில்லை, தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். கோமதிநாயகம் அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். இதைவிட நல்லதாக எவனும் நடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டான், அது நடிப்பில்லை என்று அவனுக்கே தெரியும்.

காது குத்து அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழுகிற முற்றத்தில், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால், பச்சைத் துணி போர்த்திய மணையில் குழந்தை செண்பகத்தை உட்கார வைத்து, பக்கத்திலிருந்து தாய்க்காரி கையைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி தங்கக் கம்பியால் குத்தினார். பிள்ளை ஊரைக் கூட்டியது. கோமதிநாயகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினான், பச்சையைக் கழற்றினான், மஸ்கட்காரனைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான், தலையணை இருந்த இடத்தில் பிள்ளையை வைத்தான். மாமன் வந்து இறங்குவதற்கு ஒரு விமானத்தையும் கம்ப்யூட்டரிலேயே செய்து, அது வேப்பமரத்தை ரெண்டு சுற்றுச் சுற்றிக் குழாயடிக்குப் பக்கத்தில் தரை இறங்குகிற மாதிரி வைத்தான். எல்லாம் அம்சமாக வந்தது. ஒன்று மட்டும் உதைத்தது.

வேல்ச்சாமிக்கு நிழல் இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சுவரில் நிழல் விழ வேண்டாமா? ட்யூப் லைட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தவனுக்கு நிழல் ஏது? சுவரொட்டியில் கத்தரித்து ஒட்டின ஆள் மாதிரி இருந்தான். கம்ப்யூட்டரிலேயே கறுப்பாக ஒன்றைப் போட்டுப் பார்த்தான், மை கொட்டின மாதிரி இருந்தது. மறுநாள் சீனியம்மாள் வீட்டுக்குப் போய், "சுவரை மட்டும் ஒரு தடவ எடுத்துக்கிடுதேன்" என்று ஸ்டாண்டில் கேமராவை வைத்து, அவள் காப்பி போட உள்ளே போன நேரத்தில், அதே பத்து மணிக்கு, அதே இடத்தில், தானே சம்மணம் கூட்டி, இல்லாத பிள்ளையை மடியில் வைத்துக் கையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த நிழலைப் பிரித்தெடுத்து வேல்ச்சாமிக்குக் கீழே விரித்தான். கன கச்சிதம்! காதுப் பேனாவை எடுக்க மட்டும் மறந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேசட்டைப் போட்டார்கள். விமானம் இறங்கியபோது தெருவே கை தட்டியது, வேல்ச்சாமி அழுதபோது தெருவே அழுதது, கண்டக்டர்கூடத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, காய வைக்க முறத்தில் மிளகாய் வற்றலோடு வெளியே வந்த சீனியம்மாள்தான் முதலில் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் ஒரு ஆம்பளை நிழல், தரையில் அதன் மடி.

"ஏ தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு, மிளகா காயணும்" என்றாள்.

நிழல் அசையவில்லை. "சரி, உக்காரு" என்று சொல்லிவிட்டு அதைச் சுற்றி மிளகாயைப் பரப்பினாள்.

அவ்வளவுதான். மாமன் வந்திருக்கிறான், உட்கார்ந்திருக்கிறான், இதில் என்ன அதிசயம்? மேகம் மூடினாலும் நிழல் இருந்தது, மழை பெய்தால் நனைந்து கொஞ்சம் கூடுதல் கறுப்பாகத் தெரிந்தது, உச்சி வெயிலிலும் சாயங்காலத்திலும் அந்த மூலையில் மட்டும் எப்போதும் காலைப் பத்து மணியாகவே இருந்தது. வருசத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிக்கிறவர் சுவரில் சுண்ணாம்பை அடித்துவிட்டு, நிழல் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளட்டும் என்று பீடி பற்ற வைத்துக் காத்திருப்பார். வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் தாம்பூலம் அதற்கு முன்னால் வைக்கப்பட்டது. சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவுக பேரு மஸ்கட்லதான் வரும்" என்று மூடிபோட்டுப் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். துபாயில் தம்பி இருக்கிறவள், பட்டாளத்தில் அண்ணன் இருக்கிறவள், பம்பாய்க்குப் போன தம்பியிடமிருந்து கடிதமே வராதவள், சொத்துச் சண்டையில் பேச்சு வார்த்தை இல்லாமல் போனவள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மதினி, ஒங்க தம்பி மடியில ஒரு நிமிசம்" என்று கேட்டு, நிழலின் மடியில் மணை போட்டுக் காது குத்திக்கொண்டு போனார்கள். ஆறு வருசத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள்! ஒரே மாமன் மடியில் குத்தின பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை, நாளைக்கு ஒன்றுக்குள் ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு சந்தேகம் கிளம்பி, பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசி, நிழல் மாமன் உறவு காதோடு சரி, கல்யாணத்துக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை என்று தீர்த்து வைத்தார்கள்.

செண்பகம் அந்த நிழலில்தான் தவழ்ந்தாள், அதிலேயே தூங்கினாள், பள்ளிக்கூடம் போன பிறகு அதன் மடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். ஐந்து வயதில் ஒருநாள் மஸ்கட்டிலிருந்து போன் வந்தபோது, "மாமா, ஏன் எப்பவும் காதுல பேனா வச்சிருக்கீக?" என்று கேட்டாள். வேல்ச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பிள்ளை சொல்லிவிட்டதே என்று அன்றைக்கே ஒரு பேனா வாங்கிக் காதில் சொருகிக்கொண்டு லாரி ஓட்ட ஆரம்பித்தான்.

கோமதிநாயகத்தின் பாடு வேறே. கேசட்டைப் போட்ட மறுநாள் காலையில் சைக்கிளில் டீக்கடைக்குப் போகிறவன் தற்செயலாகப் பக்கவாட்டில் பார்த்தால், ரோட்டில் சைக்கிளின் நிழல் மட்டும் ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இறங்கினான், நின்றான், கையை ஆட்டினான், தரையில் ஒன்றும் ஆடவில்லை. டீக்கடைக்காரரிடம் சொன்னான். "நெழல வச்சு நீ என்ன செய்யப் போற? டீ ஆறுது, குடி" என்று அவர் முடித்துவிட்டார். சில பேர் கேலி பண்ணினார்கள், "வெயிலே இவனக் கண்டுக்கிட மாட்டேங்குது" என்று சிரித்தார்கள், பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போனது.

சீனியம்மாள் வீட்டுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போனவன் முற்றத்துச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றான். காதில் பேனா. அவனுடைய தோள், அவனுடைய மூக்கு. அக்கா, இது உங்கள் தம்பி இல்லை, நான் என்று சொல்ல வாயெடுத்தான், அதற்குள் குழந்தை மிளகாய்க்கு நடுவே தவழ்ந்து போய் நிழலின் மடியில் ஏறி விரல் சூப்பிக்கொண்டு படுத்துவிட்டது. அந்த நிமிசம் அவன் தொடையில் ஒரு கனம் இறங்கியது. எட்டுக் கிலோ இருக்கும், கொஞ்சம் சூடாக, கொஞ்சம் ஈரமாக. அவன் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஆறு வருசம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ ஒரு மணப்பெண்ணை அருவிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருப்பான், திடீரென்று மடி கனக்கும், ஓ, பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று தெரிந்துகொள்வான். கனம் இருக்கிறவரை எழுந்திருக்க மாட்டான். வாடிக்கைக்காரர்கள் வந்து நின்றாலும், "கொஞ்சம் உக்காருங்க அண்ணாச்சி, இப்ப எந்திரிக்க முடியாது" என்பான், மூட்டு வலிபோல என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சீனியம்மாள் மிளகாய் காய வைத்தால் இவனுக்குத் தும்மல் வரும். பிள்ளை வருசத்துக்கு வருசம் கனத்துக்கொண்டே வந்தது இவனுக்குத் தெரிந்த மாதிரி பெற்ற தகப்பனுக்குத் தெரிந்திருக்காது. நிழல் போனது அவனுக்கு நட்டம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஆறு வருசம் கழித்து உலகம்மாளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. கல்யாணமாகி எட்டு வருசம் காத்துக் கிடந்து பெற்ற பிள்ளை. கழுகுமலை முருகன் கோயிலில் காது குத்து என்று நாள் குறித்தார்கள். கோமதிநாயகம் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் தங்கச்சி போன் பண்ணினாள், பேச ஆரம்பிக்கும்போதே அழுகை.

"அண்ணே, எங்க அத்தை வேண்டாங்காகண்ணே. வெயில்ல நெழல் விழாத ஆளு மடியில எம் பேத்திய உக்கார வைக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்காக. வேற யாரையாச்சும் வச்சுக் குத்திக்கிடலாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு அம்மையா அப்பனா யாரு இருக்கா? நீயும் வரலன்னா எனக்குப் பொறந்த வீடுன்னு ஒன்னு இருந்ததா, இல்லையான்னு ஆகிப்போகும்ணே. எங்க குடுத்து வச்சிருக்கியோ ஒன் நெழல, அத வாங்கிட்டு வந்துரு. ஒரே ஒரு நாள் வாங்கிட்டு வாயேன்."

ஊருக்கெல்லாம் மாமன் மடி கொடுத்தவனுக்குத் தன் தங்கச்சி பிள்ளைக்குக் கொடுக்க மடி இல்லை. மறுநாள் சீனியம்மாள் வீட்டுக்குப் போய், "கேசட்டுல பூசணம் புடிச்சிருக்கும்க்கா, தொடச்சுத் தாரேன்" என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தான். காது குத்துகிற அந்தப் பத்து நிமிசத்து மேல் வேறு எதையாவது பதிந்து அழித்துவிட்டால் நிழல் வீடு திரும்பிவிடும், அவனுக்கு அது நிச்சயமாகத் தெரியும். கேசட்டைப் போட்டான், பதிகிற பொத்தான் மேல் விரலை வைத்தான். அப்போது மடியில் இருபது கிலோ வந்து பொத்தென்று உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் விட்டாயிற்று. கனம் லேசாக முன்னும் பின்னும் ஆடியது, வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள் போலிருக்கிறது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது, ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு முடிகிறவரை இருந்தது, பிறகு அவன் கேசட்டை வெளியே எடுத்துத் துடைத்து உறையில் போட்டான்.

திங்கட்கிழமை காலையில் கேசட்டைத் திருப்பிக் கொடுத்து, முற்றத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கண்டக்டர் டூட்டிக்குப் போயிருந்தார். வாசலில் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். சீனியம்மாள் முகம் செத்துப்போனது.

"அப்ப இத்தன வருசமா எம் பொம்பளப்புள்ள எவனோ ஒரு ஆம்பள மடியிலயா உக்காந்திருந்தா? நான் எந் தம்பி எந் தம்பின்னு தாம்பாளம் வச்சதெல்லாம் ஒங்களுக்கா?" என்றாள். "நல்லாருப்பீகளா நீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, வீடியோ சார்?"

"சொல்லியிருக்கணும்க்கா. தப்புத்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள். போனவள் வரவில்லை. நிழலின் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த செண்பகம் எழுந்து வந்து, அவன் காதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு. காதில் அந்தத் தங்கக் கம்மல்.

"ஒங்க தங்கச்சி பாப்பாவுக்கு எப்ப காது குத்து?"

"புதன்கெழம, தாயி."

"லீவு கேட்டீகளா?"

"யார்ட்ட கேக்க?"

பிள்ளை இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை என்கிற மாதிரி பார்த்தது. "எங்க மாமாவுக்கு நான் பொறந்ததுல இருந்து அவுக மொதலாளி லீவு குடுக்கவே மாட்டேங்காரு. அம்மா அழுவா. நான் அப்படி இல்ல, நான் குடுப்பேன். ஆனா லெட்டர் எழுதித் தரணும், சும்மா குடுத்தா டீச்சர் வைவாக." நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

கோமதிநாயகம் காதிலிருந்து பேனாவை எடுத்தான். சுவரில் நிழலின் காதிலிருந்தும் பேனா போயிற்று. தண்ணீர் பிடிக்க வந்தவர்களில் ஒருத்தி "ஆத்தாடி!" என்று குடத்தைக் கீழே வைத்தாள். அவன் முற்றத்தில் குத்த வைத்து உட்கார்ந்து எழுதினான். 'மதிப்புக்குரிய செண்பகம் அவர்களுக்கு, என் தங்கை மகளுக்குக் காது குத்து இருப்பதால் எனக்கு நான்கு நாள் விடுப்புத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள், கீழே தன் பேரை முழுசாக, கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதினாள். பிறகு சுவரைப் பார்த்து, "எந்திரிங்க மாமா, லீவு போட்டாச்சு. போயிட்டு வாங்க" என்றாள்.

ஆறு வருசம் சம்மணம் கூட்டியிருந்த நிழல் முதலில் ஒரு காலை நீட்டியது, பிறகு மறு காலை நீட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு நெட்டி முறித்துவிட்டுத் தரையில் இறங்கி நடந்து வந்து கோமதிநாயகத்தின் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. தெருவில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களை அனுப்பி வைப்பது எப்படி என்று எல்லோருக்கும் பழக்கம்தானே? ஒருத்தி முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்தாள், ஒருத்தி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தாள், முனை வரைக்கும் வந்து கையாட்டினார்கள். சீனியம்மாள் மட்டும் வெளியே வரவில்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. செண்பகம் கையெழுத்துப் போட்ட அதே நேரத்தில், மஸ்கட்டில் தண்ணி லாரிக்காரனைக் கூப்பிட்டு விட்டார் அவன் முதலாளி. "உனக்கு ஒரு மாதம் லீவு" என்றார். இத்தனை வருசம் இல்லாமல் இன்றைக்கு என்ன என்று இவனும் கேட்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஏன் எப்படி என்று என்னிடமும் கேட்காதீர்கள். லீவு என்று ஒன்று கிளம்பிவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று யார் கண்டது?

புதன்கிழமை கழுகுமலையில் நல்ல வெயில். கோமதிநாயகம் புதுச் சட்டையோடு சம்மணம் கூட்டி உட்கார்ந்தான், கல்தளத்தில் கெட்டியாக நிழல் விழுந்தது, உலகம்மாளின் மாமியார் அதை ரெண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஆசாரி குத்தினார். பிள்ளை ஒரு சிணுங்கல் சிணுங்கிவிட்டு அப்படியே அவன் மேல் சாய்ந்துகொண்டது. "நல்லாப் பழகின மடிதான்" என்று மாமியாரே வாய்விட்டுச் சொன்னார். உலகம்மாள் அண்ணன் தோளில் முகத்தை வைத்து அழுது புதுச் சட்டையை நனைத்துவிட்டாள், அவனும் அழுதான், யாரும் யாரையும் தேற்றவில்லை.

நான்காம் நாள் காலையில், சொன்ன சொல் தவறாமல், நிழலைக் கூட்டிக்கொண்டு தேரடித் தெருவுக்குப் போனான். போனால் முற்றத்துச் சுவரில் சாய்ந்து வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆள் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருக்கிறார், காதில் பேனா, மடியில் செண்பகம். முதல் நாள்தான் வந்து இறங்கியிருந்தான் வேல்ச்சாமி. பிள்ளை வளர்ந்துவிட்டது, மடியில் கொள்ளவில்லை, கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் ரெண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகத்தைப் பார்த்ததும் வேல்ச்சாமி எழுந்து வந்து ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அக்கா சொன்னா. எனக்குப் பதிலா நீங்க உக்காந்திருந்தீகளாம்ல?" என்றான். உள்ளே போய் ஒரு சென்ட் பாட்டிலும் தைலக் குப்பியும் எடுத்துவந்து கையில் திணித்தான்.

சீனியம்மாள் வாசற்படியில் நின்று, "காப்பி குடிச்சிட்டுப் போங்க வீடியோ சார்" என்றாள். சொன்ன குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. அவன் குடித்துவிட்டு வந்தான். நிழலும் கூடவே வந்தது.

நிழல் திரும்பக் கிடைத்தவன் சந்தோசமாகத்தானே இருக்க வேண்டும்? முதல் ரெண்டு நாள் இருந்தான். காலை வெயிலில் வேண்டுமென்றே நீளமாக நடந்து போனான், டீக்கடைக்காரரிடம் காட்டினான், "சரி, இப்ப என்ன செய்யப் போற?" என்று அவர் மறுபடியும் கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரமானால் மடி ஒன்றுமில்லாமல் லேசாக இருந்தது. கேசட்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தான், சூடு இல்லை. யார் வந்தாலும் சட்டென்று எழுந்து நின்றான், "மூட்டு வலி கொணமாயிருச்சா?" என்று வாடிக்கைக்காரர்கள் விசாரித்தார்கள். ஆமாம் என்றான். எழுந்திருக்க முடியாத அந்த ஆறு வருசத்தை நினைத்து நினைத்து ஏங்கிப்போனான் பாவம்.

முப்பது நாள் முடிந்து வேல்ச்சாமி மஸ்கட் போனான். விமானம் குழாயடியிலிருந்து கிளம்பவில்லை, பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. அவன் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோமதிநாயகம் ஸ்டூடியோவில், பெண்ணழைப்பு ஒன்றுக்கு நட்சத்திரம் தூவிக்கொண்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. மடியில் கனம் இறங்கியது. இருபத்தொரு கிலோ, சூடாக. குனிந்து பார்த்தான், ஸ்டூலுக்குக் கீழே அவன் நிழல் அவனோடுதான் இருந்தது. அப்படியென்றால் அங்கே அந்த மூலையில், நிழலே இல்லாத வெறும் வெயிலில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டரை அணைக்காமல் இறங்கி ஓடினான். சைக்கிளில் போகிற வழியெல்லாம் அவன் நிழலும் பக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தது.

செண்பகம் முற்றத்தில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டு, "லீவு முடிஞ்சிருச்சா மாமா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு, தாயி."

"நாலு நாள்னு எழுதிட்டு ஒரு மாசம் எடுத்திருக்கீக. இனிமே குடுக்க மாட்டேன், பாத்துக்கோங்க."

அவன் சுவரில் சாய்ந்து சம்மணம் கூட்டி உட்கார்ந்தான். எழுந்தால் நிழல் கூடவே எழுந்து வந்துவிடும், இனி அது தனியாக எங்கேயும் தங்காது என்று அவனுக்குத் தெரிந்தது, அதனால் எழுந்திருக்காமல் உட்கார்ந்தான். செண்பகம் நிழலில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். வீட்டுக்குள்ளிருந்து சீனியம்மாள் மிளகாய் முறத்தோடு வந்தாள், அவனைப் பார்த்து நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஏ தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு, மிளகா காயணும்."

அவன் தள்ளி உட்கார்ந்தான். நிழலும் தள்ளி உட்கார்ந்தது. அவனுக்குத் தும்மல் வந்தது.